எது இடம் மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது? திருகோணமலைக் கரையில் தாக்கங்களும் வாயுக்களும்

சாதாரண தர விஞ்ஞானப் பாடநூல் இரசாயனத் தாக்கங்களைச் சேர்க்கை, பிரிகை, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி என்று பிரித்துத் தருகிறது. உயர்தரத்தில் காலடி வைத்ததும் அமில–மூலத் தாக்கம், வீழ்படிவாதல், தாழ்த்தேற்றம் (இலத்திரன் கைமாறும் தாக்கம்) என்று வேறொரு பட்டியல் வந்து நிற்கிறது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று தெரியாமல் பல மாணவர்கள் இரண்டையுமே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வாயுக்கள் பற்றிய அலகிலும் இதே கதைதான். போயில், சாள்ஸ், அவகாதரோ என்று பெயர்கள் வாயில் நிற்கும். கணக்கு சற்றே மாறி வந்தால் கை நின்றுவிடும்.

இரண்டு அலகுகளுக்கும் ஒரே சாவி போதும் என்பது எங்கள் துணிபு. தாக்கம் என்றால், உள்ளே எது இடம் மாறுகிறது என்று கேட்க வேண்டும்: இலத்திரனா, புரோத்தனா, அல்லது அயன்கள் ஜோடி மாறுகின்றனவா? வாயு என்றால், எது மாறாமல் நிற்கிறது என்று கேட்க வேண்டும்: அமுக்கமா, கனவளவா, வெப்பநிலையா, மூல் அளவா? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகத் திருகோணமலையைப் போல வசதியான ஊர் குறைவு. உப்பளம், சுண்ணாம்பு, புல்மோட்டை மணல், கடலடியில் கிடந்த கப்பல், சுழியோடிகள், எண்ணெய்க் குதம் எல்லாம் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

சுண்ணாம்பு: மூன்று தாக்கம், இலத்திரன் மாற்றம் ஒன்றுமில்லை

சிப்பி ஓட்டிலும் பவளக் கல்லிலும் இருப்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. (பவளப்பாறையை அகழ்வது சட்டவிரோதம். ஆகவே இனி சிப்பியை வைத்தே பேசுவோம்.) சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடேற்றினால் அது உடைகிறது:

கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு

100 கிராம் தூய காபனேற்று 56 கிராம் சுட்ட சுண்ணாம்பையும் 44 கிராம் வாயுவையும் தரும். அந்த 44 கிராம் சரியாக ஒரு மூல். வளிமண்டல அமுக்கத்தில், நம் ஊர் வெயிலின் 30 பாகையில், அது 24.9 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். பாடநூலில் வரும் 22.4 லீற்றர் 0 பாகைக்கு உரிய எண். திருகோணமலையில் அதை அப்படியே போட்டுக் கணித்தால் விடை 10 சதவீதம் தவறிவிடும்.

சூளையில் பிழைக்கும் இடங்கள் இரண்டு. ஓடுகள் பெரிய கட்டிகளாக இருந்தால் வெளிப்பக்கம் வெந்து, நடுவில் வேகாத கல் நிற்கும். வாயு வெளியேற வழியில்லாமல் சூளையை அடைத்துவிட்டால் காபனீரொட்சைட்டு உள்ளே தேங்கும். ஒட்சைட்டு அதைத் திரும்பப் பிடித்துக் காபனேற்றாகிவிடும். இந்தத் தாக்கம் இரு திசையிலும் ஓடக்கூடியது. அதை ஒரு திசையில் தள்ளுவது வாயு வெளியேறுவதுதான். மறுபுறம், அளவுக்கு மீறிச் சுட்டால் ஒட்சைட்டுத் துகள்கள் இறுகி, நீர் ஊற்றினாலும் மெதுவாகவே நீறும்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டாகிறது. இது சேர்க்கைத் தாக்கம், கடும் புறவெப்பத் தாக்கமும் கூட. ஒரு கிலோகிராம் ஒட்சைட்டு நீறும்போது வெளிவிடும் வெப்பம் கிட்டத்தட்ட 4 லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோகப் போதுமானது. அதனால்தான் பெரிய அளவு நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் சிறிது நீரைத் தெளிக்கக் கூடாது. தெளித்தால் அந்தச் சிறு நீர் அங்கேயே கொதித்துக் காரக் குழம்பை முகத்தில் அடிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

நீற்றிய சுண்ணாம்பு சுவரில் பூசப்பட்டபின் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மறுபடி காபனேற்றாகிறது. ஆய்கூடத்தில் சுண்ணாம்பு நீர் பால்நிறமாவதும் இதே தாக்கம்தான். மாணவர் இங்கே வழக்கமாகத் தவறவிடுவது ஒன்று உண்டு: வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால் பால்நிறம் மறைந்து கரைசல் தெளிந்துவிடும். கரையாத காபனேற்று, கரையக்கூடிய இருகாபனேற்றாக மாறுவதே காரணம். வேகமாகச் செலுத்திவிட்டுத் தாமதமாகப் பார்த்தவர் "காபனீரொட்சைட்டு இல்லை" என்று எழுதிவிடுவார். திறந்து வைத்த சுண்ணாம்பு நீர்ப் போத்தலில் மேலே ஏடு படிந்திருந்தால் அது ஏற்கெனவே காற்றோடு தாக்கமடைந்துவிட்டது, வடித்துவிட்டுப் பயன்படுத்துக.

இப்போது கேள்வியைக் கேட்போம். பிரிகை, சேர்க்கை, பிறகு அமில ஒட்சைட்டு ஒன்று மூலத்தோடு தாக்கம் புரிதல். மூன்றிலும் ஒட்சியேற்ற எண்கள் கல்சியம் +2, காபன் +4, ஒட்சிசன் −2 என்றே நிற்கின்றன. இலத்திரன் எங்கும் கைமாறவில்லை. ஆகவே "சேர்க்கைத் தாக்கம் எல்லாம் தாழ்த்தேற்றம்" என்ற குறுக்கு வழி பிழை. மகனீசியம் எரிவது சேர்க்கை, தாழ்த்தேற்றமும்தான். சுண்ணாம்பு நீறுவது சேர்க்கை மட்டுமே.

உப்பளமும் கிணற்று நீரும்

நிலாவெளிப் பக்கத்து உப்பளத்தில் நடப்பது இரசாயனத் தாக்கமா? பெரும்பகுதி இல்லை. சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் கடல்நீரில் ஏற்கெனவே தனித்தனியே மிதக்கின்றன. கச்சான் காற்றும் வெயிலும் நீரை ஆவியாக்க, அவை ஒன்றுகூடிப் பளிங்காகின்றன.

ஆனால் வரிசை முக்கியம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். அதில் 27 கிராம் வரை சோடியம் குளோரைட்டு. நீர் பாதியாகக் குறையும் கட்டத்தில் கல்சியம் காபனேற்று படியத் தொடங்கும். ஐந்தில் ஒன்றாகும்போது கல்சியம் சல்பேற்று, அதாவது ஜிப்சம், வீழும். பத்தில் ஒன்றாகும்போதுதான் சமையலுப்பு படிகிறது. அதற்குப் பிறகும் நீரை வற்றவிட்டால் மகனீசிய உப்புகள் கூடவே இறங்கி, உப்பு கசக்கும். காற்றின் ஈரத்தைப் பிடித்து எப்போதும் நசநசவென்றிருக்கும். பாத்திகளைத் தொடராக அமைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரை அடுத்த பாத்திக்கு மாற்றி, கடைசிக் கசப்பு நீரை வெளியேற்றிவிடுவதன் இரசாயனம் இவ்வளவுதான். அளவிடக் கையில் இருக்க வேண்டியது போமே அடர்த்திமானி. கடல்நீர் சுமார் 3.5 போமே பாகை காட்டும் (இது அடர்த்தியின் அளவு, வெப்பநிலை அல்ல). உப்பு படிவது சுமார் 25 பாகையில். 29–30 பாகையில் மீதி நீரை விட்டுவிட வேண்டும்.

இதில் ஒரே ஒரு உண்மையான தாக்கம் முதற்படியில் ஒளிந்திருக்கிறது. காபனேற்று படியும்போது இருகாபனேற்று அயன்கள் உடைந்து காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. சுண்ணாம்பு நீர் தெளிந்த கதையின் நேர்மாறு இது.

கரையோரக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்தால் உவர் நீர் ஏறிவரும். அதைச் சோதிக்க வெள்ளி நைத்திரேற்று பயன்படும். வெள்ளி அயனும் குளோரைட்டு அயனும் சந்தித்தவுடன் வெள்ளைத் தயிர்போன்ற வீழ்படிவு வரும். சோடியமும் நைத்திரேற்றும் வெறும் பார்வையாளர்கள். தாக்கத்துக்கு முன்பும் பின்பும் கரைசலில் அப்படியே இருக்கின்றன. இரட்டை இடப்பெயர்ச்சி என்ற பெயர் நான்கு அயன்களும் இடம் மாறுவதாக நினைக்கவைக்கிறது. உண்மையில் சேர்வது இரண்டுதான்.

செய்முறையில் கவனிக்க: முதலில் நீர் மாதிரியில் ஐதான நைத்திரிக் அமிலம் சில துளி விட வேண்டும். இல்லாவிட்டால் நீரிலுள்ள காபனேற்றும் வெள்ளியுடன் சேர்ந்து வீழ்படிவாகி, குளோரைட்டு இருப்பதாக ஏமாற்றும். அமிலம் வேண்டும் என்றதற்காக ஐதரோகுளோரிக்கை எடுத்தால் சோதனையே பாழ், ஏனெனில் குளோரைட்டை நாமே ஊற்றியதாகிவிடும். நன்னீரிலும் சிறிது குளோரைட்டு உண்டு. ஆகவே இலேசான கலங்கலைக் கண்டு கிணறு கெட்டுவிட்டதென முடிவுகட்டாமல், நல்ல கிணற்று நீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

புல்மோட்டையின் கறுப்பு மணல்

ஒரே பொருள் இரண்டு பாதையில் போய், ஒன்று தாழ்த்தேற்றமாகவும் மற்றது அல்லாததாகவும் ஆவதற்குப் புல்மோட்டை இல்மனைற்றை விட நல்ல உதாரணம் கிடையாது. கரையிலுள்ள மணலில் இல்மனைற்று, ரூத்தைல், சேர்கன் முதலியன கலந்திருக்கின்றன. இவற்றைப் பிரிப்பது காந்தத்தாலும் நிலைமின்னாலும் அடர்த்தி வேறுபாட்டாலும். அது முழுக்கப் பௌதிக வேலை.

இல்மனைற்று என்பது இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் சேர்ந்தது. இரும்பு +2, தைத்தேனியம் +4. இதிலிருந்து வெள்ளை மைக்குரிய தைத்தேனியம் ஈரொட்சைட்டைச் செய்ய உலகில் இரண்டு முறைகள் உண்டு. சல்பேற்று முறையில் செறிந்த சல்பூரிக் அமிலத்தில் மணல் கரைக்கப்படுகிறது. இரும்பு சல்பேற்று, தைத்தேனைல் சல்பேற்று, நீர் ஆகியவை கிடைக்கும். இரும்பு +2ஆகவும் தைத்தேனியம் +4ஆகவும் இருந்தபடியே இருக்கின்றன. அமிலத்தின் புரோத்தன்கள் ஒட்சைட்டைப் பற்றிக்கொண்டு நீராகின்றன. ஆக, இது அமில–மூலத் தாக்கம்.

குளோரைட்டு முறையில் மணலைக் காபனோடு சேர்த்து, உயர் வெப்பநிலையில் குளோரீனைச் செலுத்துவார்கள்:

2 இல்மனைற்று + 7 குளோரீன் + 6 காபன் → 2 தைத்தேனியம் நாற்குளோரைட்டு + 2 இரும்பு முக்குளோரைட்டு + 6 காபனோரொட்சைட்டு

இங்கே இரும்பு +2இலிருந்து +3க்கு ஏறுகிறது. காபன் 0இலிருந்து +2க்கு ஏறுகிறது. குளோரீன் 0இலிருந்து −1க்கு இறங்குகிறது. தைத்தேனியம் மட்டும் +4இலேயே நிற்கிறது. கணக்குச் சரிபார்க்க: ஏறியது இரும்பில் 2, காபனில் 12, மொத்தம் 14. இறங்கியது 14 குளோரீன் அணுவில் 14. ஏற்றமும் இறக்கமும் சமப்பட்டால் சமன்பாடு சரி. சமன்செய்யத் திணறும் மாணவர் குணகங்களைத் தட்டிப் பார்ப்பதை விட்டு, முதலில் இந்த ஏற்ற இறக்கத்தை எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

துரு

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சேதமடைந்த சகாயிங் என்ற கப்பல் பல பத்தாண்டுகள் துறைமுக நீரடியில் கிடந்தது. 2018இல் கடற்படை அதை மிதக்கவைத்தது. உப்பு நீரில் இவ்வளவு காலம் கிடந்த இரும்பு ஏன் கரைந்தே போகவில்லை?

துருப்பிடித்தல் என்பது இரும்பு இலத்திரனை இழப்பதும் ஒட்சிசன் அதை ஏற்பதும். நீர் இரண்டுக்கும் இடையே அயன்கள் போய்வரும் பாதை; உப்பு அந்தப் பாதையைக் கடத்தும் திறன் கூடியதாக்குகிறது. பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒட்சிசன் வந்து சேராவிட்டால் தாக்கம் மந்தம். ஆகவே அலை அடித்து நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் வரம்பில்தான் இரும்பு மிக வேகமாக அரிக்கும், அடியில் மெதுவாக. போதாததற்கு, மூழ்கிய இரும்பின் மேல் சிப்பியும் சுண்ணாம்புப் படிவும் கவசமாக ஏறி ஒட்சிசனை இன்னும் தடுக்கின்றன. இதன் மறுபக்கம்: வெளியே எடுத்த பழைய இரும்பு, துளைகளில் குளோரைட்டை வைத்துக்கொண்டு காற்றின் ஒட்சிசனைச் சந்திக்கும்போது, நீரடியில் இருந்ததைவிட வேகமாகப் பொரிந்துபோகும்.

மீன்பிடிப் படகுகள் இன்று பெரும்பாலும் பைபர். அரிப்பு வருவது எஞ்சினின் அலுமினியக் காலுக்கு. அதில் பொருத்திவரும் அனோட் கட்டி, அதாவது தான் அரிந்து காலைக் காக்கும் உலோகத் துண்டு, நாகத்தால் (துத்தநாகத்தால்) ஆனதாக இருக்கலாம். மின்னிரசாயனத் தொடரைப் படித்த மாணவர் இங்கே குழம்புவது நியாயம். தொடரில் அலுமினியம் −1.66 வோல்ற்று, நாகம் −0.76 வோல்ற்று, அப்படியானால் அலுமினியம்தானே முதலில் அழிய வேண்டும்? அலுமினியத்தின் மேல் எப்போதும் இருக்கும் ஒட்சைட்டுப் படலம் கணக்கை மாற்றிவிடுகிறது. கடல்நீரில் உண்மையாக அளந்தால் நாகமே எளிதில் இலத்திரனை விடுகிறது. தான் கரைந்து காலைக் காக்கிறது. தொடரிலுள்ள எண்கள் நியம நிலைமைகளுக்கு, படலமில்லாத தூய மேற்பரப்புக்கு உரியவை.

அனோட் வேலை செய்யாமல் போவதற்கு வழக்கமான காரணங்கள்: எஞ்சினுக்குப் பெயின்ற் அடிக்கும்போது கட்டிக்கும் சேர்த்து அடித்துவிடுவது, கட்டிக்கும் உலோகத்துக்கும் இடையே பெயின்ற் இருப்பதால் இலத்திரன் பாயப் பாதையில்லாமல் போவது, பாதிக்கு மேல் கரைந்தபின்னும் மாற்றாமல் விடுவது. பல மாதங்கள் ஆகியும் கட்டி கொஞ்சமும் கரையவில்லை என்றால் மகிழ வேண்டாம். அது காக்கவேயில்லை.

இடப்பெயர்ச்சியைக் கையால் செய்துபார்க்க மயில்துத்தக் (செம்பு சல்பேற்று) கரைசலும் ஓர் இரும்பாணியும் போதும். ஆணியை அரத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பசை போகச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். இல்லையேல் செம்பு திட்டுத் திட்டாகப் படிந்து உதிரும். நீலம் மங்க மங்க ஆணியின் திணிவு கூடுகிறதா, குறைகிறதா? 56 கிராம் இரும்பு போகும் இடத்தில் 63.5 கிராம் செம்பு வருவதால் கூடும். அதே கரைசலில் நாகத் தகட்டைப் போட்டால் 65.4 கிராம் போய் 63.5 கிராம் வருவதால் குறையும். கைமாறும் இலத்திரன் இரண்டிலும் இரண்டிரண்டுதான்.

வாயு: ஒரு ரயர், மூன்று விடை

அமுக்கம் × கனவளவு = மூல் அளவு × வாயு மாறிலி × தனி வெப்பநிலை. போயில், சாள்ஸ், அவகாதரோ மூவரும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம். இனி இதில் எது மாறவில்லை என்று பார்ப்பதே வேலை.

காலையில் 27 பாகையில் ரயருக்குக் காற்றடித்தபோது மானி 30 காட்டியது (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்). நிலாவெளி வீதியில் நண்பகல் ஓட்டத்தில் உள்ளே 57 பாகை ஆனால் மானி எவ்வளவு காட்டும்? கனவளவும் மூல் அளவும் மாறவில்லை எனக் கொள்வோம். செல்சியசை அப்படியே போட்டவர் 63 என்பார். கெல்வினுக்கு மாற்றியவர் 300, 330 எனக் கொண்டு 33 என்பார். இரண்டும் தவறு. மானி காட்டுவது வளிமண்டல அமுக்கத்துக்கு மேலுள்ள மிகுதி மட்டுமே. மெய்யான அமுக்கம் 30 + 14.7 = 44.7; அதன் 1.1 மடங்கு 49.2, வளிமண்டலத்தைக் கழித்தால் மானி ஏறத்தாழ 34.5 காட்டும். வெப்பநிலையும் அமுக்கமும் உண்மையான பூச்சியத்திலிருந்து எண்ணப்பட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு இல்லை.

மகனீசியம் செய்முறை ஏன் 23 தருகிறது

உயர்தரச் செய்முறைகளில் மகனீசிய நாடாவை ஐதான அமிலத்தில் கரைத்து, வரும் ஐதரசனை நீரின் மேல் சேகரித்து, மகனீசியத்தின் சார் அணுத்திணிவைக் கணிப்பது ஒன்று. விடை 24.3 வர வேண்டும். பலருக்கு 23 சொச்சம் வருகிறது. காரணத்தைச் சரியாகக் காட்டிக்கொடுப்பது நம் காலநிலை.

0.040 கிராம் நாடாவை எடுப்போம். கவிழ்த்த அளவிக்குள் 30 பாகையில், 101.3 கிலோபஸ்கால் மொத்த அமுக்கத்தில், 42.7 மில்லிலீற்றர் வாயு சேர்ந்தது. மொத்தமும் ஐதரசன் என்று கொண்டால் 0.001717 மூல், சார் அணுத்திணிவு 23.3. ஆனால் அந்த வெளியில் நீராவியும் உண்டு. 30 பாகையில் நீரின் நிரம்பலாவியமுக்கம் 4.2 கிலோபஸ்கால். தாற்றனின் விதிப்படி (மொத்த அமுக்கம் என்பது ஒவ்வொரு வாயுவும் தனித்துத் தரும் பகுதியமுக்கங்களின் கூட்டுத்தொகை) அதைக் கழித்தால் ஐதரசனின் பகுதியமுக்கம் 97.1; மூல் அளவு 0.001646; விடை 24.3. இதே செய்முறையை 20 பாகைக் குளிர் நாட்டு ஆய்கூடத்தில் செய்தால் நீராவியின் பங்கு 2.3 கிலோபஸ்கால்தான். அங்கே கவனியாமல் விட்டால் பிழை சிறிது. இங்கே ஏறத்தாழ இரு மடங்கு.

மற்றப் பிழைகளும் உண்டு. நாடாவை அரத்தாளால் தேய்க்காவிட்டால் மேலுள்ள ஒட்சைட்டும் நிறுக்கப்படும், அது அமிலத்தில் கரையும், ஐதரசன் தராது, விடை கூடிவரும். அளவிக்குள் நீர்மட்டம் வெளியே தாழியின் மட்டத்தைவிட 20 சென்ரிமீற்றர் உயர்ந்து நின்றால் உள்ளே அமுக்கம் 2 கிலோபஸ்கால் குறைவு. மட்டங்களைச் சமப்படுத்துங்கள், முடியாவிட்டால் உயரத்தை அளந்து திருத்துங்கள். அளவியின் 50 குறிக்கும் திருகுக்கும் இடையே அளவு குறிக்காத பகுதி ஒன்று உண்டு. அதன் கொள்ளளவை முன்கூட்டியே நீர் நிரப்பி அளந்து வைக்காவிட்டால் மற்றத் திருத்தங்கள் எல்லாம் வீண். தாக்கம் முடிந்த கையோடு அளவிடவும் வேண்டாம். வாயு சூடாக இருக்கும். சுவரில் ஒட்டிய குமிழ்களைத் தட்டி மேலேற்றி, பத்து நிமிடம் பொறுங்கள்.

சுழியோடியின் சிலிண்டர்

சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குவோர் முதுகில் கட்டும் சிலிண்டரை ஊரில் ஒட்சிசன் சிலிண்டர் என்பார்கள். அதில் இருப்பது அமுக்கிய சாதாரண வளி. உண்மையாகவே தூய ஒட்சிசன் இருந்தால் ஆபத்து. கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. 10 மீற்றரில் மொத்தம் 2 வளிமண்டலம். தூய ஒட்சிசனைச் சுவாசித்தால் அதன் பகுதியமுக்கமும் 2. 1.6ஐத் தாண்டினாலே நரம்பு மண்டலம் நஞ்சூட்டப்பட்டு வலிப்பு வரும் அபாயம் உண்டு. சாதாரண வளியில் 21 சதவீதம்தான் ஒட்சிசன். 30 மீற்றரிலும் அதன் பகுதியமுக்கம் 0.84தான்.

ஆழத்தில் சிக்கல் தருவது நைதரசன். 30 மீற்றரில் அதன் பகுதியமுக்கம் 3.1 வளிமண்டலம். என்றியின் விதிப்படி, திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அதன் பகுதியமுக்கத்துக்கு நேர்விகிதம். ஆகவே நேரம் செல்லச் செல்ல இரத்தத்திலும் இழையங்களிலும் நைதரசன் ஏறிக்கொண்டே போகும். சட்டென்று மேலே வந்தால் அது குமிழாக வெளிப்பட்டு மூட்டுவலி, உணர்விழப்பு, பக்கவாதம் வரை கொண்டுபோகும். நிமிடத்துக்கு 9–10 மீற்றருக்கு மேற்படாமல் ஏறுவதும் 5 மீற்றரளவில் சில நிமிடம் நிற்பதும் நைதரசன் நுரையீரல் வழியே வெளியேறக் கொடுக்கும் நேரம். ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்குவோருக்கு முந்தைய சுழியோட்டத்தின் மிச்சமும் சேர்ந்துகொள்கிறது.

போயிலின் விதி (அமுக்கம் குறைந்தால் கனவளவு அதே விகிதத்தில் கூடும்) அதிகம் கடிப்பது ஆழத்தில் அல்ல, மேல் 10 மீற்றரில். 30இலிருந்து 20க்கு ஏறினால் அமுக்கம் 4இலிருந்து 3 ஆகிறது. நுரையீரலில் அடைத்த வளி மூன்றில் ஒரு பங்கு விரியும். 10இலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரட்டிக்கும். சிலிண்டர் வளியை இழுத்து மூச்சை அடக்கிக்கொண்டு 10 மீற்றர் ஏறுபவரின் 6 லீற்றர் நுரையீரல் 12 லீற்றரைத் தாங்காது. மூச்சை அடக்காமல் வெளிவிட்டுக்கொண்டே ஏற வேண்டும் என்ற விதி இதிலிருந்து பிறந்தது. மேற்பரப்பில் மூச்சடக்கி, புறாமலைத் தீவுப் பக்கம் முக்குளித்து வருபவருக்கு இந்த அபாயம் இல்லை, ஏனெனில் அவர் கொண்டுபோன 6 லீற்றரே சுருங்கித் திரும்ப 6 ஆகிறது.

வளி எவ்வளவு நேரம் வரும்? 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம்) என்றால் மேற்பரப்பு அளவில் 2400 லீற்றர். நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவருக்கு மேற்பரப்பில் 120 நிமிடம், 20 மீற்றரில் 40, 30 மீற்றரில் 30. கடைசி 50 பாரைச் சேமிப்பாக வைத்தால் 30 மீற்றரில் 22 நிமிடந்தான். வேலை கடுமையானால் அதுவும் குறையும்.

நிரப்புமிடத்தில் இரண்டு விடயம். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடேறும். 55 பாகையில் 200 பார் காட்டியது 30 பாகைக்கு ஆறியதும் சுமார் 185 காட்டும். ஒன்றும் கசியவில்லை, மூல் அளவு அதேதான். ஆனால் 200 என்று நினைத்து நேரம் கணித்தவருக்குச் சுமார் 180 லீற்றர் வளி குறைவு. மற்றது இதைவிடக் கொடியது. கொம்பிரசரின் உறிஞ்சு வாய் எஞ்சின் புகைக்கு அருகே இருந்தால் காபனோரொட்சைட்டும் சிலிண்டருக்குள் போகும். மேற்பரப்பில் தலைவலி தரும் அளவு, 30 மீற்றரில் நான்கு மடங்கு பகுதியமுக்கத்தில் உயிரையே எடுக்கலாம். அதற்கு மணமும் இல்லை. உறிஞ்சு குழாயைக் காற்று வரும் திசையில், புகைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எண்ணெய்த் தாங்கியும் சமையல் எரிவாயுவும்

சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 தாங்கிகள் உண்டு. நிலைத்த கூரையுள்ள எந்தத் தாங்கியிலும் எண்ணெய்க்கு மேல் ஒரு வாயு வெளி இருக்கும். பகலில் அது விரிந்து வெளியே மூச்சுவிடும். இரவில் உள்ளே இழுக்கும். இங்கே மாறாமல் நிற்பது அமுக்கமும் கனவளவும். மாறுவது மூல் அளவு. அதனால்தான் காற்றுத்துளை அவசியம்.

துளை குளவிக்கூட்டாலோ துருவாலோ அடைபட்டால் என்ன ஆகும்? உள்வெளி 45 பாகையில் இருக்கும்போது திடீர் மழை வந்து 30 பாகைக்குக் குளிர்ந்தால், மூல் அளவும் கனவளவும் மாறாததால் அமுக்கம் 4.7 சதவீதம், அதாவது 4.8 கிலோபஸ்கால் விழும். விட்டம் 20 மீற்றர் என்று வைத்துக்கொண்டால் கூரையின் மேல் வெளிக்காற்று தரும் மிகுதிச் சுமை 150 தொன்னுக்கு மேல். உள்ளிருந்து எண்ணெயாவி கொஞ்சம் ஒடுங்குவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். மெல்லிய உருக்குக் கூரை உள்வாங்கி மடிந்துவிடும்.

சமையல் எரிவாயு சிலிண்டருக்கு இந்தச் சமன்பாட்டைப் போடக் கூடாது. உள்ளே பெரும்பகுதி திரவம். 12.5 கிலோகிராம் முழுவதும் வாயுவாக இருந்திருந்தால், 30 லீற்றருக்கும் குறைவான அந்தக் கொள்ளளவுக்குள் 190 வளிமண்டலத்துக்கு மேல் அமுக்கம் வேண்டியிருக்கும். திரவம் இருக்கும்வரை உள்ளமுக்கத்தை நிர்ணயிப்பது வெப்பநிலையும் கலவையுமே. எவ்வளவு மிச்சம் என்பது அல்ல. ஆகவே அமுக்கமானி வைத்து மிச்சத்தை அறிய முடியாது. தராசில் நிறுக்க வேண்டும்.

கலவை ஏன் முக்கியம் என்பதை 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் கசிவுகளும் அடுப்பு வெடிப்புகளும் செய்தியானபோது எல்லோரும் கேட்டறிந்தோம். 30 பாகையில் தூய புரொப்பேனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 10.8 பார், பியூட்டேனுடையது 2.8 பார். ரவூலின் விதிப்படி (கலவையில் ஒவ்வொன்றும் தன் மூல் பங்குக்கேற்ப ஆவியமுக்கம் தரும்), திரவத்தில் புரொப்பேன்–பியூட்டேன் மூல் விகிதம் 20:80 என்றால் 4.4 பார், 50:50 என்றால் 6.8 பார். ஒரே சிலிண்டர், ஒரே நிறை, ஆனால் ரெகுலேட்டரும் ரப்பர் வளையமும் தாங்க வேண்டிய அமுக்கம் ஒன்றரை மடங்கு. எரிவதிலும் வேறுபாடு உண்டு: ஒரு லீற்றர் புரொப்பேனுக்கு 5 லீற்றர் ஒட்சிசன், அதாவது சுமார் 24 லீற்றர் வளி; பியூட்டேனுக்கு 6.5 லீற்றர், சுமார் 31 லீற்றர் வளி. சுவாலை மஞ்சளாகிப் பாத்திரம் கறுத்தால் வளி போதவில்லை. அடுப்பின் காற்றுத்துளையைத் திறந்து துடைத்துப் பாருங்கள்.

இரண்டு வாயுவும் வளியைவிடப் பாரமானவை. மூலர்த் திணிவு 44, 58, வளிக்கு 29. கசிந்தால் தரையோடு பரவி, சாக்குக்கும் அலுமாரிக்கும் அடியில் தேங்கும். ஆகவே மேல் யன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவைத் திறந்து கீழ்மட்டக் காற்றை வெளியேற்ற வேண்டும். மின்சுவிட்சைத் தொடவே கூடாது. கசிவைத் தேட நெருப்புக்குச்சி அல்ல, சவர்க்கார நுரை. மூட்டிலும் குழாய் நெடுகவும் தடவினால் குமிழ் வரும் இடம் தெரியும். சிலிண்டரைப் படுக்கவைத்தோ சரித்தோ பயன்படுத்த வேண்டாம். அப்போது வாயுவுக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். வெளியே வந்ததும் அது ஏறத்தாழ 250 மடங்கு விரியும்.